சம்மந்தியின் நாற்பதாம் நாள்

முட்டைய எங்கன தட்டணும்? கிண்ணத்து விளிம்புலயா, கரண்டியாலயா? கலீனா ஒத்தக் கையால டக்குனு உடைச்சு, ஓட்ட ரெண்டாப் பிரிச்சு அந்தாலத் தூக்கிப் போட்டுருவா, பாத்திருக்கேன், எத்தனையோ ஞாயித்துக்கிழமை போன்ல பாத்திருக்கேன், ஆனா பாக்குதது வேற, கையில பிடிக்குதது வேற. சில்லுனு இருக்கு சவம். அறுபத்து மூணு வயசுல இன்னைக்குத்தான் முட்டையத் தொடுதேன். கல்யாணமாகி இந்தப் பாளையங்கோட்டை வீட்டுக்கு வந்த நாள்லேருந்து, இந்த அடுக்களைக்குள்ள அமாவாசைன்னா வெங்காயம் கூட வராது. இன்னைக்கு ஆறு முட்டை மேடையில உக்காந்து என்னையப் பாக்கு. எம்மவன் குத்தாலிங்கம் ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னால பேப்பர்ல பொதிஞ்சு கொண்டாந்து வச்சான். "எம்மா, நெசமாத்தான் சொல்லுதியா? அந்த ஊர் மைதாத் தோசைய முட்டையில்லாம வாழைப்பழம் போட்டுச் செய்வியே, அது மாதிரி செஞ்சாப் போதும்லா"ன்னான். "போலே, ஒன் சோலியப் பாரு"ன்னேன். ரஷ்யாவுல ஆறு வருசம் டாக்டருக்குப் படிச்சவன், கட்டிக்கிட்டதும் அந்த ஊர்ப் பொண்ணுதான், ஆனா இது அவனுக்கு வெளங்காது. இன்னைக்கு வாழைப்பழம் கூடாது. இன்னைக்கு எம் மருமவளோட அம்மை கலீனாவுக்கு நாப்பதாம் நாள். நமக்குப் பதினாறு மாதிரி அவங்களுக்கு நாப்பது. அது வரைக்கும் ஆத்துமா இங்கனயே சுத்திக்கிட்டு நிக்குமாம், நாப்பதாம் நாள்தான் வாசல் தாண்டுமாம். போறவளுக்கு அவ வாய்க்குப் பிடிச்ச மாதிரி ஆக்கிப் போட்டு அனுப்பணும், குறுக்கு வழி ஒண்ணும் ஆகாது. மருமவ பேரு நாஸ்த்யா, எவ்வளவு கெடந்து பாத்தாலும் எனக்கு நாச்சியான்னுதான் வரும், தெருவே நாச்சியான்னுதான் கூப்பிடுது. மாதா கோயிலுக்கு மெழுகுத்திரி ஏத்தப் போயிருக்கா. அவங்க கோயில் இந்த ஊர்ல கெடையாது. "மாதா ஒரே மாதாதான அத்தை"ன்னு சொல்லிட்டுத் தலையில துணியக் கட்டிக்கிட்டுப் போனா. பதினொன்னரைக்கு வந்துருவா. பேத்தி வடிவு பள்ளிக்கூட வேன்ல பன்னெண்டரைக்கு வருவா. நடுவுல ஒரு மணி நேரம் நானும் அவளும் மட்டும். அதுக்குள்ள சொல்லிரணும். சொல்லிருவேன். ஏட்டி நாச்சியா, ஒங்க அம்மைக்குச் சீக்குன்னு எனக்குத் தை மாசமே தெரியும், ஒங்கிட்டச் சொல்லாம மறைச்சிட்டேன். அவ்வளவுதான். மூச்சு விடாமச் சொன்னா ஒரு நிமிசம் ஆகுமா? உடைச்சாச்சு. அய்யய்யோ, ஓடும் சேந்துல்லா விழுந்துட்டு.

வெரல விட்டா வழுக்கிக்கிட்டுப் போகுது. ஸ்பூனால எடுக்கலாம். இந்தா, வந்துட்டு. இன்னும் அஞ்சு இருக்கு. சிவ சிவா, இதுக்குள்ள ஒரு குஞ்சு இருந்திருக்குமோன்னு நினைக்கக் கூடாது, நினைச்சா கை ஓடாது. முட்டைய உடைக்கிறது ஒரு பாவம்னா அது எங்கணக்குல ரெண்டாவது பாவம், மொதப் பாவம் இத விடப் பெருசு, அதனால இத எவன் கேக்கப் போறான். கோதுமை குக்கர்ல கெடக்கு. பாயசத்துக்கு வாங்குவோமே, தோல் நீக்குன முழுக் கோதுமை, அதுதான். வெந்ததும் தேன், காஞ்ச திராட்சை, கசகசா. குத்யான்னு பேரு. எழவு வீட்டுல அவங்க மொதல்ல இதத்தான் ஆளுக்கு ஒரு கரண்டி சாப்பிடுவாங்களாம், அதுக்குப் பொறவுதான் மத்ததெல்லாம். கிஸெல் காலையிலயே ஆச்சு. அது பழச்சாத்துல மாவு கரைச்சு விட்டுக் காய்ச்சுத கஞ்சி மாதிரி ஒண்ணு. அந்த ஊர்ச் செவப்புப் பழத்துக்கு எங்க போக, பிள்ளையார் சதுர்த்திக்கு வந்த நாவப்பழம் மிச்சம் சந்தையில கெடந்தது, அத வாங்கிப் பிசைஞ்சு கூவைக்கிழங்கு மாவு கரைச்சு விட்டேன். நல்லாத்தான் வந்திருக்கு, நெறம் கொஞ்சம் ஊதா. கலீனா பாத்தா "நியெத், நியெத்"னு தலையில அடிச்சிருப்பா. நியெத்னா இல்லன்னு அர்த்தம். எனக்கு அந்தப் பாசையில நாலே வார்த்தைதான். நியெத். தாக், அப்படித்தான். யிஷ்ஷோ, இன்னும் போடு. ஹ்வாத்தித், போதும். இந்த நாலு வார்த்தைய வச்சுக்கிட்டு ரெண்டு பேரும் அஞ்சு வருசம் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை பேசியிருக்கோம். நமக்கு நாலு மணின்னா அவளுக்கு ரெண்டரை. நாச்சியா போனச் சீனி டப்பாவுல சாச்சு வச்சுட்டு வடிவைக் குளிப்பாட்டப் போயிருவா. அங்க அவ அடுப்பு, இங்க எம் அடுப்பு. தொழிற்சாலை கேண்டீன்ல இருபது வருசம் ஆக்குனவ கலீனா, கையப் பாத்தாலே தெரியும், காய நறுக்குனா நம்மள மாதிரி நின்னு நிதானிக்க மாட்டா. போர்ஷுன்னு பீட்ரூட்டும் முட்டைக்கோசும் போட்ட செவப்புச் சாறு, அத மொத மொதச் சொல்லிக் குடுக்கும்போது மாட்டெலும்பத் தூக்கிக் காட்டிட்டா. நான் கண்ணப் பொத்திட்டேன். பொறவு எலும்பு கெடக்குத எடத்துல நான் முருங்கைக்காயப் போட்டுக் காட்ட, என்னத்துக்கு மரக்கட்டையப் போட்டு வேக வைக்குதன்னு மகள விட்டுக் கேட்டா. சப்பிச் சாப்பிடணும்னு நான் சப்பிக் காட்டுனேன். நாச்சியா தரையில உக்காந்து சிரிச்சா. அப்படிச் சிரிச்சுப் பாத்து நாப்பது நாளாச்சு.

சிரிக்காட்டாலும் பரவால்ல, அழுதாத் தேவல. அழவும் மாட்டேங்கா. ஆடி மாசம் அவ சித்தி மவன் போன் பண்ணித் எழவுத் தாக்கல் சொன்ன அன்னைக்குக் கூட, போன வச்சுட்டுக் கழுவுன பாத்திரத்தையே திரும்பக் கழுவிக்கிட்டு நின்னா. மூணாம் நாள் அங்க அடக்கம். டிக்கெட்டுக்கு எம்மவன் எங்கெங்கேயோ அலைஞ்சு பாத்தான், கெடைச்சது நாலாம் நாளுக்கு. நாலாம் நாள் போய் என்ன செய்யன்னு அவளே வேண்டாம்னுட்டா. அதுக்குப் பொறவு தெனமும் பழைய வீடியோவப் போட்டுப் போட்டுப் பாத்துப் பொலம்புதா. மார்கழியில அம்மா மெலிஞ்சுதான இருக்காங்க அத்தை, பாருங்க, கன்னம் ஒட்டியிருக்கு. மாசியில குரல் வேற மாதிரி இருக்குல்லா. இத எப்படி நான் பாக்காமப் போனேன், நான் என்ன மக. நேத்துக் கூடக் கேட்டா, கண்ணாடி முன்னால நின்னு தலை சீவிக்கிட்டே, "அத்தை, ஒரு மகளுக்குத் தெரியாமப் போகுமா? நான் அவ்வளவு கல்லா?"ன்னு. நான் வெளக்குக்கு எண்ணெய் விட்டேன். வெளக்குல எண்ணெய் நெறையத்தான் இருந்தது. வழிஞ்சு தட்டுல விழுந்துட்டு. நீ கல்லு இல்லட்டி, நான்தான் கல்லுன்னு அந்த இடத்துலயே சொல்லியிருக்கணும். நாக்கு நுனி வரைக்கும் வந்துட்டு. பொறவு எங்க போச்சோ. அவ தன்னையத்தானே கரிச்சுக் கொட்டிக்கிட்டு நிக்குததப் பாத்துக்கிட்டு நிக்கேனே, இது அடுக்குமா? அதனாலதான் இன்னைக்கு. இன்னைக்கு விட்டா விட்டதுதான். ஆத்துமா வாசல் தாண்டிப் போனதுக்கு அப்புறம் சொல்லி என்ன, சொல்லாட்டா என்ன. குக்கர் அஞ்சு விசில் அடிச்சுட்டு. ஆறா? எண்ணாம விட்டுட்டேன். கொழைஞ்சிருக்காது. கோதுமை அவ்வளவு லேசுல கொழையாது.

தை மாசம். பொங்கல் கழிஞ்ச ஞாயித்துக்கிழமை. வடிவுக்கு எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பாட்ட நாச்சியா பின்னால போயிருந்தா, புள்ள சீயக்காய் கண்ணுல பட்டுட்டுன்னு வீல் வீல்னு கத்திக்கிட்டுக் கெடந்தது. போன்ல கலீனா கதவுப் பக்கம் திரும்பிக் காதக் காட்டிக் கேட்டா, மக பக்கத்துல இல்லல்லான்னு. நான் இல்லன்னு தலையாட்டுனேன். தலைத்துணிய அவுத்தா. ஒண்ணுமில்ல. ஒரு முடி இல்ல. பச்சப் புள்ள தலை மாதிரி இருந்தது. நெஞ்சுல கைய வச்சுக் காட்டுனா, பொறவு ரெண்டு கையையும் விரிச்சா, முடிஞ்சு போச்சுங்கித மாதிரி. நான் அழ ஆரம்பிச்சதும் வாயில வெரல வச்சா. நாச்சியா இருந்த பக்கமா வெரல நீட்டி நீட்டித் தலைய இப்படியும் அப்படியும் ஆட்டுனா. சொல்லாதங்கா. நான் என் நெஞ்சுல கைய வச்சேன். சரின்னு தலையாட்டுனேன். அவ துணியக் கட்டிக்கிட்டா, கண்ணத் தொடச்சா, ஒரு சட்டியில கோதுமைய அள்ளிப் போட்டா. அன்னைக்குத்தான் குத்யா சொல்லிக் குடுத்தா. கோதுமை, தேன், திராட்சை. தாக், தாக். தேன் யிஷ்ஷோ. நான் கண்ணீர் விட்டுக்கிட்டே ஊத்துனேன், ஹ்வாத்தித்னு அவ கையக் காட்டி நிறுத்துனா. மறு வாரம் கல்லுல மெலிசா ஊத்துத அந்தப் ப்ளினி, மாவுத் தோசை கணக்கா இருக்கும், அத மறுபடியும் மொதல்லேருந்து காட்டுனா, ஏற்கெனவே காட்டுனதுதான். அதுக்கு மறு வாரம் கிஸெல். வரிசையா மூணு வாரம். என்ன மடச்சி நான், சீக்கோட கெடக்குதவ இனிப்பு இனிப்பா எதுக்குச் சொல்லித் தாரான்னு யோசிக்கல. ஏதோ நல்ல நாளுக்கு உள்ளதுன்னுதான் நினைச்சேன். பால் ஊத்தியாச்சா? ஊத்தியாச்சு. மைதாவத் தூவித் தூவிக் கிண்டணும், கட்டி தட்டிரும். உப்பு. சீனி ஒரு கரண்டி. நம்ம தோசை மாவு மாதிரி கெட்டியா இருந்தா ஆகாது, மோர் மாதிரி ஓடணும்.

சொல்லாதன்னு அவதான் சொன்னா. பெத்தவ. அவ சொல்லாதன்னதுக்கு அப்புறம் குறுக்க விழுந்து சொல்ல நான் யாரு? நெஞ்சுல கை வச்சு வாக்குக் குடுத்தேன்லா. எட்டு மாசமா இதத்தான் எனக்கு நானே சொல்லிக்கிட்டு இருக்கேன், ஒவ்வொரு தடவையும் கோர்ட்டுல நிக்குதவ மாதிரி. சொல்லிட்டு ஒரு நிமிசம் நிம்மதியா இருக்கும். பொறவு மாசி மாசம் கண்ணுக்கு முன்னால வந்து நிக்கும். மாசியில நாச்சியாவுக்குப் பொறந்தநாள். அவளுக்குத் தெரியாமக் குத்யா செஞ்சேன். வெள்ளிக் கிண்ணத்துல வச்சு, மேல முந்திரிய வறுத்துப் போட்டு, ஒரு ரோசாப்பூவச் செருகிக் கொண்டுபோய் நீட்டுனேன். ஒங்க அம்மை சொல்லிக் குடுத்ததுட்டின்னேன். அவ முகத்துல ரத்தம் இல்ல. "இத எதுக்கு அம்மா சொல்லிக் குடுத்தாங்க?" ன்னா. "ஏன், நல்லா வரலியா?"ன்னேன். "அத்தை, இது செத்தவங்களுக்கு ஆக்குறது"ன்னா. அந்த நிமிசத்துல எனக்கு எல்லாம் வெளங்கிட்டு. கலீனா தன்னோட எழவுச் சாப்பாட்டத்தான் எனக்குச் சொல்லிக் குடுத்திருக்கா. மக அங்க வர முடியாதுன்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்கு, இங்க இருந்துதான் அழுவான்னு தெரிஞ்சிருக்கு, அன்னைக்கு மகளுக்கு ஆக்கிப் போட ஆள் வேணுமேன்னு என்னையத் தயார் பண்ணியிருக்கா. நாச்சியா அப்பவே போனப் போட்டா. நான் கரண்டியப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். அந்தப் பக்கம் கலீனா கடகடன்னு சிரிக்கா. கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரியும் இதத்தான ஆக்குவோம், அதுக்குச் சொல்லிக் குடுத்தேன், ஒம் மாமியா பொறந்தநாளுக்கு ஆக்குவான்னு நான் கண்டேனான்னாளாம். நாச்சியாவும் சிரிச்சா. பொறந்தநாளுக்கு எழவுச் சாப்பாடு ஆக்குன மாமியான்னு ஒரு வாரம் சொல்லிச் சொல்லி என்னைய வாரினா. நானும் சிரிச்சேன். அதத்தான் என்னால தாங்க முடியல. அவகூட நின்னு நானும் சிரிச்சேன்.

கல்லு காயட்டும். நாச்சியா கொண்டாந்த மெல்லிசு வாணாச்சட்டி இருக்கு, அதத் தூக்கிச் சுத்தி மாவ ஓட விடணும், கரண்டியால தேய்க்கக் கூடாது. எனக்கு அது வராது. எங்கையி தானா வட்டம் போடும், கலீனா அங்க நியெத் நியெத்னு கத்துவா. கல்லுல எண்ணெய் தேய்க்க அவ பாதி உருளக்கிழங்க முள்ளுக்கரண்டியில குத்தித் தூக்குனா, இங்க நான் பாதி வெங்காயத்தத் தூக்கிக் காட்டுனேன், அன்னைக்கு ரெண்டு பேரும் அத அத அப்படியே தூக்கிப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சோம். நல்ல பொம்பள. எனக்கு இந்த வயசுல ஒரு சிநேகிதி கெடைச்சா, அவளையும் தூக்கிக் குடுத்தாச்சு. சரி, ஊத்து. வாணாச்சட்டியையே எடுக்கேன், இன்னைக்கு அவ சொன்னபடிதான். ஊத்தி, தூக்கி, சுத்தி. ஒரு பக்கம் போகவே இல்ல. கிழிஞ்சு போச்சு. மொதப் ப்ளின் செத்தவங்களுக்குத்தான்னு நாச்சியா நேத்தே சொல்லி வச்சிருக்கா. நம்ம ஆளுகளுக்குன்னா எலையில நல்லதாப் பாத்து வைப்போம். இது எப்படி விழுந்தாலும் மொதல்ல விழுந்ததுதான் அவளுக்கு. கிழிஞ்சதையா ஒனக்கு வைக்கப் போறேன் கலீனா? கிழிஞ்சதுதான் எனக்குத் தகும், நீ ரெண்டாவத எடுத்துக்கோ. இல்ல, முறை முறைதான். தட்டுல போட்டாச்சு.

சித்திரையில நடந்ததத்தான் யாரும் கேக்க மாட்டாங்க. எம்மவனுக்கும் தெரியாது. பள்ளிக்கூடம் லீவு விட்டதும் நாச்சியா ரெண்டு மாசம் ஊருக்குப் போறேன்னா, வடிவையும் கூட்டிக்கிட்டு. அதுக்குள்ள கலீனா போன்ல முகத்தக் காட்டுதத நிறுத்தியிருந்தா, கேமரா கெட்டுப் போச்சுன்னு சொல்லி வெறும் குரல்தான். எனக்குத் தெரியும் கேமராவுக்கு ஒண்ணும் இல்லன்னு. நாச்சியா பெட்டிய எறக்கித் தூசி தட்டி வச்சா. வடிவுக்குக் கம்பளிச் சட்டை வேணுமா வேண்டாமான்னு எங்கிட்டயே வந்து கேட்டா. அன்னைக்கு ராத்திரி ஒரு பொட்டு ஒறங்கல நான். மறு நாள் காலையில படியில எறங்கும்போது கால் முட்டப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டேன். வலி இருந்தது. இல்லாம இல்ல. பத்து வருசமா இருக்கித வலிதான், அதோடயே பழனி படி ஏறியிருக்கேன். எழும்ப முடியலட்டின்னேன். அவ தைலத்த எடுத்துட்டு ஓடி வந்தா. ரெண்டு கையாலயும் தேய்ச்சு விட்டா. "இப்படி இருக்கும்போது ஒங்கள விட்டுட்டு நான் எப்படிப் போவேன்? புள்ளையார் கோயிலுக்குக் கூட ஆட்டோவுலதான போகணும் இனி. அம்மாட்டச் சொல்லிக்கிடுதேன், மார்கழிக்குப் போறேன்"னா. பெட்டிய அவளே தூக்கிப் பரண்ல வச்சா. நான் கட்டில்ல படுத்துக்கிட்டு அத வேடிக்கை பாத்தேன். இதுக்கும் கலீனா வாயில வெரல வச்சதுக்கும் என்ன சம்பந்தம்? சொல்லாதன்னுதான சொன்னா, அனுப்பாதன்னா சொன்னா? சொல்லாமலே அனுப்பி வச்சிருக்கலாம். போய்ட்டு வாட்டின்னு ஒரு வார்த்தை. அவ போயிருப்பா, பாத்திருப்பா, அம்மை கையப் பிடிச்சிருப்பா, ஆடி வரைக்கும் கூட இருந்திருப்பா. எனக்குத் தெரியும், ஆடி வரைக்கும் இருப்பான்னுதான் எனக்குப் பயமே. அம்மை படுத்தா இவ அங்கயே நிப்பா, வடிவ அங்கயே பள்ளிக்கூடத்துல போடுவா, எம்மவன் பின்னாலயே ஓடுவான், அவனுக்கென்ன, அங்க படிச்சவன். அவரு போனதுக்கு அப்புறம் இந்த வீட்டுல ரெண்டு வருசம் தனியாக் கெடந்தேனே. ஒருத்திக்கு எதுக்கு அடுப்புன்னு ஒரு நாளு ஆக்குன சோத்துல தண்ணி ஊத்தி மூணு நாள் தின்னேனே. டிவியில பேசுதவனுக்குப் பதில் சொல்லிக்கிட்டு இருந்தேனே. மறுபடியும் அப்படிக் கெடக்க முடியாது என்னால. அவ்வளவுதான் காரணம். வாக்கும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. பயந்தேன், அதனால ஒருத்தியப் பெத்த தாய் முகத்தப் பாக்க விடல. ப்ளின் கருகுது, கருகுது, திருப்பு.

பதினஞ்சு ஆச்சு. அடுக்கி அடுக்கி நெய் தடவி வச்சுட்டேன். அவங்க வெண்ணெய் தடவுவாங்க, இன்னைக்கு வெண்ணெய்தான்னு நினைச்சுக்கிட்டே கை நெய்க்குப் போயிட்டு. போகட்டும். கலீனா படத்துக்கு முன்னால ஒரு தட்டு, ஒரு டம்ளர் தண்ணி, டம்ளர் மேல ஒரு துண்டு ரொட்டி. அவங்க ஊர்ல சாராயம் வைப்பாங்களாம், நாச்சியாவே தண்ணி போதும்னுட்டா. வாசக் கதவு சத்தம் கேக்கு. வந்துட்டா. செருப்பக் கழட்டுதா. கால் கழுவுதா. மணி பதினொண்ணு இருவதுதான் ஆகுது, பத்து நிமிசம் முன்னாலயே வந்துட்டா, நான் இன்னும் மனசுக்குள்ள ஒழுங்காச் சொல்லிப் பாக்கவே இல்லியே. ஏட்டி நாச்சியா, ஒங்க அம்மைக்கு. இல்ல, மொதல்ல உக்காரச் சொல்லணும். உக்காருட்டி, ஒரு விசயம். இல்ல, சாப்பிட்டதுக்கு அப்புறமா? சாப்பிட்டதுக்கு அப்புறம்னா சோத்தப் போட்டுக் களவு சொன்ன மாதிரி ஆகும். இப்பவே. அடுக்களைக்குள்ள வந்து நிக்கா. தலையில கட்டுன துணி நெத்தி வரைக்கும் எறங்கியிருக்கு, அப்படியே கலீனா ஜாடை. பாத்திரம் கழுவுத அங்கணத்துல கெடக்கித ஓட்டப் பாக்கா. "முட்டையா?"

"ஆமா."

"நான் கேக்கலியே அத்தை. எதுக்கு ஒங்க அடுக்களையில?"

"நீ கேக்கல. நான்தான் போட்டேன். ஒங்க அம்மை கணக்குப்படியே இருக்கட்டும்னு. நாச்சியா, செத்த இப்படி உக்காரு."

அவ உக்காரல. கரண்டிய எங்கையிலேருந்து வாங்கிட்டா. என்னைய மேலும் கீழும் பாத்தா. "காலையிலேருந்து நின்னுக்கிட்டேவா இருக்கீங்க? முட்டு வலிக்கா? தைலம் எடுத்துட்டு வரட்டா?"

கேட்டுட்டாளே. கேக்கக் கூடாததக் கேட்டுட்டாளே. சேத்து வச்சிருந்த வார்த்தையெல்லாம் எங்க போச்சுன்னு தெரியல. எதச் சொல்லவே வேண்டாம்னு இருந்தேனோ அதுதான் மொதல்ல வாயில வருது. "சித்திரையில வலிக்குன்னு சொன்னேனே, அது பொய்யிட்டி." என் சத்தமா இது? "வலி இருந்தது. ஒன்னையப் போக விடாத அளவுக்கு இல்ல. நீ போகக் கூடாதுன்னுதான் படியில உக்காந்தேன். ஒங்க அம்மைக்குச் சீக்குன்னு எனக்கு அப்பவே தெரியும். தை மாசமே தெரியும். நீ புள்ளையக் குளிப்பாட்டப் போயிருந்தப்ப தலைத்துணிய அவுத்துக் காட்டுனா."

வாணாச்சட்டியில ஒண்ணு வெந்துக்கிட்டு இருக்கு. அவ அதத் திருப்பல. நானும் திருப்பல. கருகுத வாடை வருது. அவ கண்ணு என் முகத்துல இல்ல, எங்கேயோ இருக்கு, தை மாசத்துக்குப் போயிருக்கும். "முடி இல்லையா?" ன்னா.

"இல்ல."

"அழுதாங்களா?"

"நான்தான் அழுதேன். அவ அழல. வாயில வெரல வச்சு, ஒங்கிட்டச் சொல்லாதன்னா."

"அம்மா அப்படித்தான் சொல்லுவாங்க." அடுப்ப அணைக்கா. பைய, சத்தமில்லாம. அந்த இடத்துல நான் நிறுத்தியிருக்கலாம். சாமி சத்தியமாத் தப்பிச்சிருக்கலாம், அம்மை சொல்லாதன்னா, மாமியா சொல்லல, முடிஞ்சு போச்சு. அவளே ஒரு கதவத் தொறந்து விட்டுட்டு நிக்கா. என்னால அதுக்குள்ள நுழைய முடியல. "அவ சொன்னதுக்காக மட்டும் நான் சும்மா இருக்கல நாச்சியா. நீ போனா வர மாட்டேன்னு பயந்தேன். புள்ளையையும் கூட்டிட்டு அங்கயே இருந்துருவேன்னு. நீ கல்லு இல்ல. ஒன்னோட கண்ணுக்குத் தெரியாமப் போனதுக்கு ரெண்டு கிழவிங்க சேந்து மறைச்சதுதான் காரணம். ஒருத்தி ஒனக்காக மறைச்சா. நான் எனக்காக மறைச்சேன்."

இப்ப அழுதா. நாப்பது நாளா வராத அழுகை. சத்தமே இல்ல, கண்ணுலேருந்து கொட்டுது, அவ தொடைக்கல, நான் கிட்டப் போகல. போனாத் தள்ளி விட்டுருவாளோன்னு இல்ல. தொடுததுக்கு எனக்கு என்ன உரிமைன்னு. துணியால மூக்கத் தொடச்சுட்டு என்னைய நேராப் பாத்தா.

"நான் திரும்பி வந்திருப்பேன், அத்தை."

அவ வந்திருப்பா. சொன்னாச் செய்யுதவ, இந்த ஏழு வருசத்துல ஒரு தடவை சொன்ன சொல்லு மாறினது கெடையாது, அது எனக்குத் தெரியாதா? தெரிஞ்சும் நம்பல. இனிச் செத்தாலும் எனக்கு இது போகாது.

அவ குக்கரத் தொறந்து கோதுமையக் கிண்ணத்துல அள்ளிப் போட்டா. தேன் ஊத்துனா. திராட்சை போட்டா. அளவு தப்பல. ஒரு கரண்டி எடுத்துக் கலீனா தட்டுல, கிழிஞ்ச ப்ளினுக்குப் பக்கத்துல வச்சா. இன்னொரு கரண்டி எடுத்து எம் முன்னால நீட்டுனா. வாயில ஊட்டல, கையில தரல, நீட்டிக்கிட்டு நிக்கா, நான் கைய நீட்டி வாங்கிக்கிட்டேன்.

"இன்னைக்கு எங்க அம்மா நாளு. இன்னைக்கு வீட்டுல யாரும் சண்டை போடக் கூடாது, எங்க வழக்கம் அது. அதனால ஒண்ணும் பேச மாட்டேன்"னா. மூச்ச இழுத்து விட்டா. "நாளைக்குக் காலையில போடுவேன். பெரிய சண்டை. தெருவே கேக்கும்."

"சரிட்டி"ன்னேன்.

உள்ளங்கையில குத்யா சூடா இருக்கு. தேன் வெரலுக்கு நடுவுல வழியுது. நாளைக்குக் காலையில நான் நல்லா வாங்கிக் கட்டிக்கப் போறேன். அவ வாயத் தொறந்தா நான் தாங்க மாட்டேன், எம்மவன் பயந்து ஓடுவான், எதிர்த்த வீட்டுக்காரி ஜன்னலத் தொறப்பா. திட்டட்டும். என்ன வேணும்னாலும் சொல்லித் திட்டட்டும். இந்த வீட்டுல நின்னுதான திட்டப் போறா.